செங்கோலும் சிலுவையும்

(நுரைச்சோலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள், ஆங்கில நாட்டில் முடியரசும் திருச்சபையும் ஒன்றோடொன்று கொண்ட உறவு என்பதாகும். வெங்காயப் பாத்திக்கு நீரிறைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களுக்கு எட்டாம் ஹென்றியின் கதை எதற்கென்று இக்கூட்டத்தை ஒழுங்கு செய்த அன்பர்களை நாம் வினவினோம். "நீங்கள் சொல்லுங்கள், பயன் உண்டா இல்லையா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நியாயமான விடை.

ஆயினும் அந்தக் கதையைத் தனியே சொல்ல நாம் விரும்பவில்லை. இங்கிலாந்தில் நடந்தவை அனைத்திற்கும் இணையானவை இந்தக் கரையிலும் நடந்தேறியிருக்கின்றன. அரசன் சமயத்தைக் கைக்கொண்டதும், கைக்கொண்ட சமயம் அரசனோடு சேர்ந்து வீழ்ந்ததும், அரசனுடைய அருள் ஒரு தலைமுறையில் மலர்ந்து மறு தலைமுறையில் கருகியதும் கற்பிட்டிக்கும் சிலாபத்திற்கும் இடையில் நம் முன்னோர் கண்ணாற் கண்டவை. ஆகையால் இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்வோம்.

முதலில் கன்ரபரி அதிமேற்றிராணியார் தோமஸ் பெக்கெற். இவர் இலண்டன் வணிகர் ஒருவரின் மைந்தர். இரண்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சராகவும் உற்ற நண்பராகவும் இருந்தவர். திருச்சபையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றெண்ணி, 1162இல் மன்னனே இவரை அதிமேற்றிராணியாராக்கினான். அங்கி மாறியதும் ஆளும் மாறினார். குற்றம் புரிந்த குருமாரை விசாரிக்கும் உரிமை மன்னனின் நீதிமன்றத்திற்கா, திருச்சபையின் நீதிமன்றத்திற்கா என்ற வழக்கு எழுந்தது. இந்த ஒரு விடயத்தில், சட்டத்தரணி என்ற முறையில், நாம் மன்னன் பக்கமே நிற்கிறோம். கொலை செய்தவன் அங்கி அணிந்தவனாயினும் கோவணம் கட்டியவனாயினும் சட்டம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆனால் மன்னன் விரும்பியது அவ்வளவோடு நிற்கவில்லை. மேற்றிராணிமாரின் தெரிவு, மேன்முறையீடு, நாட்டை விட்டுச் செல்லும் அனுமதி ஆகிய யாவும் தன் கையில் இருத்தல் வேண்டுமென்று 1164இல் சட்டம் வகுத்தான். பெக்கெற் மறுத்தார். 1170 டிசெம்பர் 29இல் மன்னனுடைய வீரர் நால்வர் பேராலயத்திற்குள்ளேயே அவரை வெட்டி வீழ்த்தினர். நான்காண்டுகள் கழித்து அதே மன்னன் வெறுங்காலோடு கன்ரபரிக்கு நடந்து சென்று, துறவிகளிடம் கசையடி பெற்றுப் பரிகாரம் செய்தான்.

கொலையுண்டவரின் கல்லறைக்கு மக்கள் சாரிசாரியாக யாத்திரை போயினர். அந்த யாத்திரிகர் வாயிற் கதைகளை வைத்தே ஆங்கிலக் கவிதையின் மூத்தோனான சோசர் தன் பெருநூலை யாத்தான். இருபதாம் நூற்றாண்டில் எலியற் எழுதிய 'பேராலயத்தில் கொலை' நாடகம் 1935இல் அதே கன்ரபரிப் பேராலய வளாகத்திலேயே அரங்கேறியது. இங்குள்ளவர்களுக்கு யாத்திரை என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இந்தத் தெருவழியே செல்லும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள்.

இனி நம் கரைக்கு வருவோம்.

போர்த்துக்கேய மன்னனுக்குப் பாப்பரசர் அளித்த உரிமை ஒன்று உண்டு. புதிதாகப் பிடிக்கும் நாடுகளில் மேற்றிராணிமாரை நியமிக்க விதந்துரைப்பதும், குருமாரை அனுப்புவதும், கோவில் கட்டுவதும் மன்னன் கடமை. அதற்கு ஈடாக அத்திருச்சபையின் மீது ஆதிக்கமும் அவனுக்கே. அதாவது, குருவானவர் கப்பலிலிருந்து இறங்கும்போது வேதத்தோடு மன்னனின் முத்திரையும் கூடவே இறங்கிற்று. இதன் விளைவை மன்னார் கண்டது. முத்துக்குளிக்கும் கரையிலே பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் சேர்த்துப் பெற்றனர். மன்னாரிலும் அவ்வாறே ஆகுமென்று யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி அஞ்சினான். 1544இல் அங்கு கிறித்தவரான மக்களை வாளுக்கு இரையாக்கினான். 600 பேருக்கு மேல் என்பது திருச்சபை மரபு. அவர்கள் சாட்சியாக மடிந்தவர்கள். அதில் நமக்கு ஐயமில்லை. சங்கிலி செய்தது பாதகம், அதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதகத்திற்குப் பின்னே நின்ற அச்சம் எது? தன் குடிகள் வேறு கடவுளை வணங்குவார்கள் என்பதைவிட, வேறு அரசனுக்குக் குடிகளாவார்கள் என்பதே. மடிந்தவர்களின் குருதியைக் காட்டியே பின்னர் படை வந்தது. 1560இல் மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1619இல் யாழ்ப்பாண அரசே முடிந்தது. கடைசிச் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்.

சிலுவை செங்கோலின் தோளிலேறி வந்தபடியால், செங்கோல் செய்த தீமையெல்லாம் சிலுவையின் கணக்கில் எழுதப்பட்டது. இதே மாவட்டத்து முன்னேஸ்வரம் இடிக்கப்பட்டது. நல்லூர் இடிக்கப்பட்டது. திருகோணமலையில் கோணேசர் கோவில் கடலோடு போயிற்று. இடித்தவர்கள் கோவிலை மட்டும் இடிக்கவில்லை. தங்கள் வேதத்தைப் பற்றிச் சைவ மக்கள் நெஞ்சில் ஒரு காயத்தையும் உண்டாக்கிவிட்டனர். அது ஆறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

பின்பு 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கரையோரத்தில் போர்த்துக்கேயர் ஆட்சிக்கு முடிவு கட்டினர். அதே ஆண்டில் ஒரு கட்டளை பிறந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1585இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மறுபதிப்பு என்றே இதைக் கூறலாம். அங்கும் குருவாய் இருப்பதே இராசத்துரோகம், குருவை ஒளித்து வைப்பது மரணத்துக்குரிய குற்றம். ஒல்லாந்தர் இன்னுமொரு படி மேலே போயினர். விவாகம் பதிவு பெற வேண்டுமா, காணி பிள்ளைக்குப் போக வேண்டுமா, உத்தியோகம் வேண்டுமா? சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். உழவர் பெருமக்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உங்கள் தோட்டத்தின் உறுதி உங்கள் மனச்சாட்சியின் விலையாயிற்று. சைவர்கள் பகலில் தேவாலயத்துக்குப் போயினர். வீட்டிலே விரதம் காத்து, உண்ட இலையைக் கூரையிற் செருகி ஒளித்தனர் என்பது யாழ்ப்பாணத்துச் செவிவழிச் செய்தி. தோம்பிலே ஆயிரமாயிரம் கிறித்தவர்; கூரையிலே இலை!

ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் போயிற்று. தோம்பிலிருந்த அந்தக் கிறித்தவர்கள் எங்கே? கட்டாயம் நீங்கிய சில ஆண்டுகளுக்குள் பெருந்தொகையானோர் தத்தம் சமயத்திற்குத் திரும்பிவிட்டனர். அரசாங்கத்தின் பலத்தில் நின்ற சபை அரசாங்கத்தோடு போயிற்று.

அப்படியாயின் இக்கரையில் இன்றைக்கும் நிலைத்திருக்கும் கத்தோலிக்க வேதம் யாருடையது? போர்த்துக்கேய மன்னன் அனுப்பியதன்று. படையும் பணமும் இல்லாத ஒரு மனிதர் தாங்கி நின்றது. கோவாவிலே 1651இல் கொங்கணிப் பிராமண குலத்திற் பிறந்த யோசேவாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் இந்நாட்டிற்கு வந்தார். சில்லாலையில் மறைந்திருந்து மக்களுக்குத் தேறுதல் அளித்தார். தமிழ் கற்றவர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் 1690இல் புத்தளம் வந்தார். ஏன் புத்தளம்? அக்காலத்தில் களப்பின் இருபுறமும் இரு ஆட்சிகள். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை. அக்கரைப் புத்தளமோ கண்டி மன்னனுடையது. ஒரு தோணிப் பயணத்திலே மரண தண்டனையும் மன்னிப்பும் பிரிந்து கிடந்தன. 1692இல் அடிகள் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தில் சிறையிடப்பட்டார். பின்பு மன்னனே அவரை விடுவித்தான். இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த மன்னன். ஒரு கிறித்தவ அரசு கொல்லத் தேடிய குருவுக்கு ஒரு பௌத்த அரசன் நிழல் கொடுத்தான். இதனை இந்நாட்டுப் பௌத்த வரலாற்றின் பெருமைகளுள் ஒன்றாகவே நாம் கருதுகிறோம். மேடைதோறும் சொல்லியும் வருகிறோம். அடிகள் 1711இல் கண்டியிலே காலமானார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவர் பின்னால் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்தவர். அவருடைய 'தேவ அருள் வேத புராணம்' தமிழிலே எழுந்தது. பிறந்த மொழி கொங்கணி, எழுதிய மொழி தமிழும் சிங்களமும், காத்தது கண்டி அரசவை. மொழியையும் சமயத்தையும் ஒரே முடிச்சாகக் கட்டுவோர் இம்மனிதரை எந்தப் பெட்டியில் வைப்பார்கள்?

இவ்வளவோடு கதையை நிறுத்தினால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. 1740களில் அதே கண்டி அரசவை திரும்பிற்று. கோவில்கள் தகர்க்கப்பட்டன, குருமார் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். ஐம்பதாண்டு நிழல் ஒரு மன்னன் மாறியதும் வெயிலாயிற்று. ஏன்? முன்னவன் அளித்தது அருள், அது உரிமையன்று. அருள் என்பது கொடுத்தவன் கையில் இருப்பது. உரிமை என்பது பெற்றவன் கையில் இருப்பது. நாம் இன்று இத்தனை தூரம் வந்து சொல்ல நினைத்தது இந்த வேறுபாட்டையே.

சமயத்தைப் பிடித்த முடியைச் சமயமும் பிடித்துக்கொள்ளும். ஆங்கில நாட்டில் இரண்டாம் யேம்ஸ் மன்னன் கத்தோலிக்கன். 1688இல் அரியணை இழந்தான். 1701இல் இயற்றிய சட்டத்தால் கத்தோலிக்கர் எவரும் அங்கு முடிசூட இயலாது. அச்சட்டம் இன்றும் உண்டு. கண்டியில் கீர்த்தி சிறி இராசசிங்கன் நாயக்கர் குலத்தவன். பௌத்தத்தைப் போற்றி வளர்த்தவன். முன்னேஸ்வரத்தைத் திரும்ப எடுப்பித்தவனும் அவனே. ஆயினும் 1760இல் பிரதானிகளும் பிக்குமாரும் அவனைக் கொல்லச் சூழ்ச்சி செய்தனர். அவன் நெற்றியில் திருநீறு விடாதிருந்தான் என்பது அவன்மேற் சொல்லப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அரியணைக்கு ஒரு சமயம் உண்டென்று ஆகிவிட்டால், அதில் அமர்ந்திருப்பவனுக்கே மனச்சாட்சி இல்லையென்றாகிவிடுகிறது. கீழே நிற்கும் குடிகளின் நிலையைச் சொல்ல வேண்டுமோ?

எட்டாம் ஹென்றிக்கு வருவோம். இவன் 1521இல் மார்ட்டின் லூதருக்கு மறுப்பு எழுதி, பாப்பரசரிடமிருந்தே 'விசுவாசக் காவலன்' என்ற பட்டம் பெற்றவன். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1534இல், பாப்பரசரை ஒதுக்கிவிட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவனென்று பாராளுமன்றத்தால் சட்டம் செய்வித்தான். பட்டத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை! அதன் சுருக்கெழுத்து இன்றும் பிரித்தானிய நாணயத்திற் பொறிக்கப்படுகிறது. விவாகரத்துக்காகவே அவன் இதைச் செய்தான் என்று பள்ளிப் புத்தகம் கூறும். 1536 முதல் 1540 வரை மடங்கள் யாவும் கலைக்கப்பட்டு அவற்றின் நிலங்கள் முடிக்குப் போய், முடியிலிருந்து பிரபுக்களுக்கு விலையான கதையையும் சேர்த்துப் படித்தால் காரணம் முழுமை பெறும். நிலம் வாங்கிய பிரபு புதிய சபையை உயிரைக் கொடுத்துக் காப்பான் அல்லவா? பெக்கெற்றின் சமாதியையும் 1538இல் அவன் இடித்தான். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் இறந்தவரிடமும் அவனுக்கு அச்சம்.

அந்நாளில் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் தலைகொடுத்தார். தோமஸ் மோர், சட்டம் பயின்றவர், நாட்டின் முதன்மை நீதிப் பதவியில் இருந்தவர். மன்னனே திருச்சபைத் தலைவன் என்று சத்தியம் செய்யும்படி கேட்டார்கள். அவர் மன்னனை எதிர்த்துப் பேசவில்லை, பேசாதிருந்தார். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது சட்ட வாக்கு. ஆகவே என் மௌனத்தைச் சம்மதமென்றே கொள்ள வேண்டும், துரோகமென்று கொள்ளலாகாது என்று வாதித்தார். வாதம் சரியானது. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டிருந்தது. 1535 ஜூலை 6இல் தலை விழுந்தது. றொபேட் போல்ற் 1960இல் இவர் கதையை நாடகமாக்கினார். மோரும் தாம் பதவியிலிருந்த நாளில் வேதமறுப்போரைத் தீக்கிரையாக்கத் துணைநின்றவரே என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. அவரும் அக்கால மனிதர்.

ஆங்கிலேயர் இங்கு வந்தபின் நேர்ந்தது இன்னும் வேடிக்கை. 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமையும் உத்தியோக உரிமையும் சட்டத்தால் வழங்கப்பட்டன. இங்கிலாந்துக் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருந்தனர். தன் வீட்டிற் கொடுக்காததை இருபத்து மூன்றாண்டுகள் முந்தியே பிறர் வீட்டில் கொடுத்தது அந்த அரசு. அத்தோடு 1815 கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் வாசகத்தால் பௌத்தத்தைப் பேணிக் காப்பதாகவும் வாக்களித்தது. ஆங்கிலிக்கன் சபைக்குத் தலைவனான அதே மன்னனின் பெயரால் விகாரைத் தலைவர்களுக்கு நியமனப் பத்திரம் எழுதப்பட்டது! மிசனரிமார் கூக்குரலிட, 1853 அளவில் அரசு அதிலிருந்து கைகழுவிற்று. ஆங்கிலிக்கன் சபைக்கு இங்குள்ள வரிப்பணத்தில் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தவும் 1881இல் சட்டம் செய்தது. மானியம் நின்றதால் அச்சபை அழிந்ததா? இல்லை. தன் காலில் நின்றது, இன்றும் நிற்கிறது.

இங்கே நம்மோடு வாதிடுவோர் ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்புவர். "இங்கிலாந்தில் இன்றும் அரசனே சபைத் தலைவன், 2023இல் மூன்றாம் சார்ள்ஸ் முடிசூடியபோது புரட்டஸ்தாந்த சமயத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்தான், பிரபுக்கள் சபையில் 26 மேற்றிராணிமார் அமர்கிறார்கள். இலங்கையில் பௌத்தத்திற்கு முதன்மைத்தானம் இருந்தால் உங்களுக்கு என்ன?" என்பர். கேள்வியை மதித்தே விடை கூறுவோம். கத்தோலிக்கர் பெரும்பான்மையான அயர்லாந்தில் அந்த அரச சபையை 1869இலேயே சட்டத்தால் நீக்கினார்கள். வேல்சில் 1920இல் நீங்கியது. ஸ்கொட்லாந்துக்கு வேறு சபை. அதாவது, ஒரு தேசிய இனம் 'இது எங்கள் சபையன்று' என்று சொன்ன இடத்தில் அந்த அரசு கேட்டது. எடுத்துக்காட்டுக் காட்டுவோர் முழு எடுத்துக்காட்டையும் காட்டட்டும்.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்த ஒரு சமயத்தவருக்கும் தனிச் சலுகை அளிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றது. 1972இல் அப்பிரிவு மறைந்தது; முதன்மைத்தானம் தோன்றியது. 1978 அரசியலமைப்பில் அது 9ஆம் உறுப்புரை. வெறும் அலங்காரச் சொல் என்றார்கள். 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் சென்றது. கல்வியும் மருத்துவத் தொண்டும் செய்யும் கன்னியர். கிறித்தவத்தைப் பரப்புவது பௌத்த சாசனத்தின் இருப்புக்குக் கேடென்று, அந்த 9ஆம் உறுப்புரையைச் சுட்டியே சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணென முடிவாயிற்று. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2005இல் இதனை உரிமை மீறல் எனக் கண்டது. அலங்காரச் சொல்லுக்குப் பல் இருந்தது.

நம்மவர் கையும் சுத்தமென்று நாம் சொல்ல வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியவர்கள் தமிழீழ விடுதலைப் புலிகள். ஆயுதம் ஏந்திய நம் இனத்தவர். அவ்வாறு வந்த குடும்பங்கள் இந்தப் புத்தளக் கரையிலேதான் ஓலைக் குடிசையில் வாழ்வைத் தொடங்கின. இன்று இக்கூட்டத்திலும் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு மனிதன் எந்த மண்ணுக்குரியவன் என்பதை அவன் தொழும் திசையைப் பார்த்துத் தீர்மானித்த செயல் அது. ஒல்லாந்தன் தோம்புக்கும் அதற்கும் நாம் வேறுபாடு காணவில்லை. கிறித்தவரான தந்தை செல்வாவைச் சைவர் நிறைந்த காங்கேசன்துறை தன் பிரதிநிதியாக்கியது என்று பெருமை பேசும் நாம், இதையும் அதே மூச்சில் பேசுதல் வேண்டும்.

உங்கள் ஊர் அனல் மின்நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கு அது வேண்டாமென்று திருச்சபை ஆண்டுக்கணக்காக எதிர்த்தது. தலவிலத் திருத்தலத்தை எண்ணியும், கடற்றொழிலாளரையும் தோட்டக்காரரையும் எண்ணியும் எதிர்த்தது. அரசாங்கம் சில காலம் தயங்கியது. பின்பு 2006இல் வேலை தொடங்கி, 2011இல் முதற்கட்டம் இயங்கி, இன்று 900 மெகாவாற் கொள்ளளவோடு புகைபோக்கி நிற்கிறது. மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. நாம் கவனித்தது வேறு. இந்நாட்டில் ஆயர் செங்கோலின் பக்கத்தில் நிற்பவரல்லர். உழவனோடும் மீனவனோடும் மனு எழுதி வாயிலில் நிற்பவர். அவர் தோற்றார் என்றாலும், நின்ற இடம் சரியான இடம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். 9ஆம் உறுப்புரை பௌத்தத்திற்கு முதன்மை அளித்துவிட்டு, 10ஆம் உறுப்புரையாலும் 14(1)(உ) உறுப்புரையாலும் ஏனைய சமயங்களுக்குள்ள உரிமைகளைக் காப்பதாகக் கூறுகிறது. 10 என்பது நெஞ்சில் நம்பும் உரிமை. 14(1)(உ) என்பது நம்பியதை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமை. அதாவது கோவில் மணி, பாங்கு, தேர், பூசை எல்லாம் அதற்குள் அடங்கும். இப்பொழுது 83ஆம் உறுப்புரையைப் பாருங்கள். 9ஐ மாற்ற வேண்டுமாயின் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். 10க்கும் அப்படியே. 14இன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. முதன்மைத்தானத்திற்கு இரட்டைப் பூட்டு. உங்கள் தேருக்கும் திருவிழாவுக்கும் ஒற்றைப் பூட்டு. மூன்றிலிரண்டு பெரும்பான்மை ஒரே கட்சியின் கையில் விழுவது இந்நாட்டில் நடவாத காரியமன்று. 1977இலும் நடந்தது, 2024இலும் நடந்தது. இன்றுள்ளோர் தீயவர் என்று நாம் கூறவில்லை. விமலதர்மசூரியனும் தீயவனல்லன், அவனுக்குப் பின் வந்தவனைப் பற்றியே பேசுகிறோம்.

9ஆம் உறுப்புரை நீங்க வேண்டுமென்பது நம் கொள்கை, அதை மறைக்கவில்லை. அது இன்றே கைகூடாது என்பதையும் அறிவோம். ஆகவே குறைந்தபட்சமாக ஒன்றைக் கேட்கிறோம்: 14(1)(உ) உறுப்புரையையும் 83ஆம் உறுப்புரையின் பட்டியலில் சேர்க்க வேண்டும். பௌத்தத்திலிருந்து ஒரு துளியையும் இது எடுக்கவில்லை. ஆகையால் சிங்கள அன்பர்களிடமும் பிக்குமாரிடமும் இதைத் தயக்கமின்றிக் கொண்டு செல்லலாம், கொண்டு செல்வோம். 83ஐத் திருத்துவதற்கும் மக்கள் தீர்ப்பு வேண்டும் என்பது அதே உறுப்புரையின் வாசகம். அவ்வாறாயின் அந்தக் கேள்வி கொழும்பில் மட்டும் கேட்கப்படாது. நுரைச்சோலையின் வாக்குச் சாவடியிலும் கேட்கப்படும். இக்கோரிக்கையின் வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டு மேடையின் அருகே வைக்கப்பட்டுள்ளது. வாசித்து, உடன்பாடுள்ளோர் மட்டும் கையொப்பம் இடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.